சிம் ரேசிங்கில் எந்தக் கார் கடினமானது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக சிம் ரேசிங்கில், அதாவது கணினியில் ஓட்டும் கார் பந்தயத்தில், ஈடுபட்டிருக்கிறேன். இதுவரை ஓட்டியவை எல்லாம் ஜிடி3 (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்த பிரிவு) கார்கள்தான். பந்தயங்களில் முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் அளவுக்கு அவற்றில் தேறிவிட்டேன். சென்ற மாதம், எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டும் போர்ஷே கப் பந்தயத்தின் காருக்கு மாறினேன். இத்தாலியின் மோன்சா தடத்தின் முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து எதிர்த்திசைகளில் திரும்பும் குறுகிய வளைவுகள்) நான்கு சுற்றுக்கு ஒருமுறையாவது, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதே வண்டி சுழன்று நின்றுவிடுகிறது. இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், ஜிடி3 காரை எலெக்ட்ரானிக்ஸ்தான் ஓட்டுகிறது, அதை ஓட்டியதெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்றார். இன்னொருவர் ஃபார்முலா ஒன் காரைவிடக் கடினமானது எதுவும் கிடையாது என்கிறார். உண்மையில் எந்த வகைக் கார் கடினமானது? என் ஒன்றரை ஆண்டு உழைப்பு வீணா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் உழைப்பு வீணாகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் கடைசி வரியில் இருந்த சோர்வு என்னை வருத்தியது.

உங்கள் நண்பர்கள் ‘கடினம்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு விஷயங்களைக் குறிக்கிறார்கள். சுழலாமலும் சரளையில் இறங்காமலும் ஒரு காரைச் சுற்று முடித்துக் கொண்டுவருவது ஒரு கடினம். அதே காரில், அதை நன்கறிந்த ஒருவர் எடுக்கும் நேரத்துக்கு அரை விநாடி அருகில் போய்ச் சேர்வது இன்னொரு கடினம். முதலாவதில் எளிதாக இருக்கும் கார் இரண்டாவதிலும் எளிதாக இருக்கும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பல வகைக் கார்களை மாற்றி மாற்றி ஓட்டியதில் எனக்குக் கிடைத்த அளவுகோல் வேறு. நாம் பிழை செய்யும் கணத்துக்கும் அதன் விளைவு வந்து சேரும் கணத்துக்கும் நடுவே அந்தக் கார் எவ்வளவு அவகாசம் தருகிறது, அந்த அவகாசத்துக்குள் ஏதேனும் அறிகுறி காட்டுகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். குதிரைத்திறனும் உச்சவேகமும் அதற்குப் பிறகுதான்.

ஜிடி3 காரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அந்தப் பிரிவு 2006இல் தொடங்கியபோதே, தொழில்முறை ஓட்டுநர்களோடு சொந்த ஆர்வத்தால் பந்தயத்துக்கு வருபவர்களும் ஓட்டத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஏறத்தாழ 500 முதல் 550 குதிரைத்திறன், 1,300 கிலோவை ஒட்டிய எடை, கூடவே ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும். ஏபிஎஸ் இருப்பதால் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை. வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரை அவசரப்பட்டு அழுத்தினாலும், டிராக்‌ஷன் கன்ட்ரோலால் எஞ்சினின் விசை குறைக்கப்பட்டுப் பின்சக்கரங்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆகவே பிழை விபத்தாக வெளிப்படாமல் நேர இழப்பாக மட்டும் வெளிப்படுகிறது. சுழன்று நின்றவருக்குத் தான் தவறு செய்தது உடனே தெரிந்துவிடும். ஒரு வளைவில் பத்தில் ஒரு பங்கு விநாடியை இழந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் அதே ஜிடி3 காரில் என்னைவிட முக்கால் விநாடி வேகமாக ஓட்டிய நண்பரின் டெலிமெட்ரியை (பிரேக், ஸ்டீயரிங் போன்றவற்றின் பதிவுக் கோடுகளை) வாங்கி, என்னுடையதன் மேல் பொருத்திப் பார்த்தேன். முதல் வளைவான லா சோர்ஸில் என் பிரேக் கோடு செங்குத்தாக ஏறி, மேசைப் பலகைபோலச் சமமாக நின்று, மறுபடி செங்குத்தாக விழுந்திருந்தது. அவருடைய கோடு அதே உயரத்துக்கு ஏறியதும் இறங்கத் தொடங்கி, ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அதோடு சேர்ந்து மெலிந்து, வளைவின் உள்விளிம்புக்கு அருகில்தான் பூச்சியத்தைத் தொட்டது. முன் டயர்களின் மேல் எடையை இருத்தி வைத்துக்கொண்டே அவர் திரும்பியிருக்கிறார். நானோ பிரேக்கைச் சட்டென்று விட்டு, முன்பக்கத்தின் பிடிப்பை நானே குறைத்துக்கொண்டு, பிறகு கார் திரும்புவதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அத்தனை சுற்றுகளிலும் என் கார் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை, எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்திராவிட்டால், லா சோர்ஸை நன்றாக ஓட்டுகிறேன் என்றே இன்றும் நம்பிக்கொண்டிருப்பேன்.

இதோடு, வெவ்வேறு நிறுவனங்களின் கார்களை எடையாலும் எஞ்சின் விசையாலும் சமன்படுத்தும் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்ற ஏற்பாட்டையும், ஜிடி3 ஓட்டுவோரின் பெரும் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகுதிச்சுற்றில் பத்தில் இரண்டு பங்கு விநாடிக்குள் பத்துப் பேர் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓட்ட எளிதான கார், வெல்லக் கடினமான பிரிவு என்று அதைச் சொல்வேன். அங்கே முதல் ஐந்துக்குள் வருபவரை எலெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

போர்ஷே கப் காருக்கும் ஏறத்தாழ அதே சக்திதான். 992 வகை 911 ஜிடி3 கப் காரில் (பெயரில் ஜிடி3 இருந்தாலும் இது வேறு பிரிவு) 4 லிட்டர் எஞ்சினும் சுமார் 510 குதிரைத்திறனும் உண்டு. வேறுபாடு, அந்த எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது என்பதிலும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை என்பதிலும் இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத வடிவத்தில் ஓட்டினால் பிரேக்கும் முழுக்க முழுக்க உங்கள் பாதத்தின் பொறுப்பாகிறது. பிரேக்கைச் சீக்கிரம் விட்டால், இயல்பாகவே லேசான முன்பக்கம் மேலும் லேசாகி, கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். தாமதமாக விட்டால், பின்னால் இருக்கும் அந்தக் கனம் ஊசல்போல வெளியே வீசும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகச் சிறியது, அதை ஒவ்வொரு வளைவிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அறிகுறிக்கும் விளைவுக்கும் இடையே அது தரும் அவகாசம் ஜிடி3இல் நீங்கள் பழகியதில் பாதிகூட இருக்காது. இன்றைய கார்களில் சுற்று முடிப்பதும் வேகமாக ஓட்டுவதும் ஒருசேரக் கடினமாக இருப்பது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சிம்முக்கே உரிய ஒரு காரணமும் இதில் இருக்கிறது. உண்மையான காரில் பின்பக்கம் நழுவத் தொடங்குவதை ஓட்டுநர் இருக்கையின் வழியாக உடம்பால் உணர்கிறார். நமக்கோ கையில் ஸ்டீயரிங்கின் இழுவை, காதில் டயரின் ஒலி, கண்ணுக்கு முன்னால் ஒரு திரை. ஸ்டீயரிங்கில் வரும் விசை முன் டயர்களைப் பற்றி நிறையச் சொல்லும், பின் டயர்களைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். திரையில் காரின் மூக்கு நகர்வதைக் கண்டு நாம் ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. பின்பக்கம் சட்டென்று விலகும் கார்கள் அனைத்தும், அவற்றின் உண்மை இயல்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே சிம்மில் கடினமாகத் தெரிவது இதனால்தான்.

ஃபார்முலா ஒன் விஷயத்தில் இது தலைகீழாகிறது. பிரேக் பிடிக்கும்போது புவியீர்ப்பைப்போல 4 முதல் 5 மடங்கு வரை தாக்கும் விசை, அதைத் தாங்க வேண்டிய கழுத்து, காக்பிட்டின் வெப்பம், சுவரைக் குறித்த அச்சம் என்று அந்தக் காரைக் கடினமாக்கும் பாதிக் காரணங்கள் நம் அறைக்குள் வருவதே இல்லை. வேகமான வளைவுகளில், காற்றின் கீழ்நோக்கிய அழுத்தமான டவுன்ஃபோர்ஸ் காரை அழுத்திப் பிடித்துக்கொள்வதால், துணிந்து நுழைபவருக்கு அது பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறது. உங்கள் நண்பர் சொல்லும் கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மோன்சாவின் அதே முதல் சிக்கேனை எடுத்துக்கொள்வோம். டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. மணிக்கு 340 கிலோமீட்டரில் இருந்த அழுத்தம், வேகம் 170 ஆகக் குறையும்போது நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. முதல் கணத்தில் பெடலை முழு பலத்தோடு அழுத்தலாம், அழுத்தவும் வேண்டும். அடுத்த இரண்டு விநாடிகளுக்குள், கரைந்துகொண்டே போகும் அந்தப் பிடிப்போடு ஒத்துப் பாதமும் தளர்ந்துகொண்டே வர வேண்டும். சற்றுப் பிந்தினாலும் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் நேராகப் போய்விடும். ஃபார்முலா ஒன்னில் ஏபிஎஸ் 1994இல் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் தடைசெய்யப்பட்ட டிராக்‌ஷன் கன்ட்ரோல், 2001இல் மறுபடி அனுமதிக்கப்பட்டு, 2008இல் திரும்பவும் விலக்கப்பட்டது. ஆகவே 1,000 குதிரைத்திறனை ஒட்டிய ஒரு காரை மெதுவான வளைவிலிருந்து வெளியே கொண்டுவருவதும் வலது காலின் வேலைதான். வேகமான வளைவுகளில் கருணையுள்ள அந்தக் கார், மெதுவான வளைவுகளில் சிறிதும் கருணை காட்டுவதில்லை.

என்னை மிக அதிகமாகக் கற்க வைத்தது இவை எதுவுமல்ல, 1967ஆம் ஆண்டின் கிராண்ட் பிரி கார்கள். பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ் என்ற சிம் அந்த ஆண்டின் பந்தயங்களை அடிப்படையாகக் கொண்டது. நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் அதன் முதல் பந்தயத்திலேயே வென்ற லோட்டஸ் 49 காரை இன்றைய சிம்களிலும் ஓட்டலாம். ஏறத்தாழ 500 கிலோ எடை, 400 குதிரைத்திறன், இறக்கைகள் எதுவுமில்லை, டயர்களோ ஒடுக்கமானவை. முதல் நாளில் நேர்ச்சாலையில்கூட அது சுழலும். ஆனால் பொறுமையாகக் கூட இருந்தால் ஒன்று புரியும். அந்தக் கார் எப்போதும் சறுக்கிக்கொண்டே இருந்தாலும், திடீரென்று சறுக்குவதில்லை. வரப்போவதை நீளமாக அறிவித்துவிட்டுத்தான் விலகும். அதை ஸ்டீயரிங்கால் திருப்புவதைவிட ஆக்ஸிலரேட்டரால் திருப்புவதே அதிகம், ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் மூக்கு உள்ளே வரும், ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் வெளியே போகும். அவகாசம் தருகிறது, ஆனால் அந்த அவகாசம் முழுவதும் உங்களை வேலை வாங்குகிறது. ஒரு மணி நேரப் பந்தயத்தில் ஒரு நொடிகூட ஓய்வு கிடைக்காது.

எல்எம்பி2, ஹைப்பர்கார் போன்ற புரோட்டோடைப்புகளில், அதாவது நெடுந்தூரப் பந்தயங்களுக்கென்றே வடிவமைத்த கார்களில், டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு, ஏபிஎஸ் இல்லை. தனியாக ஓட்டும்போது அவை அவ்வளவு கடினமானவை அல்ல. மெதுவான ஜிடி3 கார்களைக் கடக்க வேண்டி வரும்போதுதான், எந்த வளைவில் காத்திருப்பது, எதில் நுழைவது என்ற தீர்ப்பு கடினமாகிறது. நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தயத்தின் ஓவல்களான நீள்வட்டத் தடங்களைப் பற்றி விரிவாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அருகருகே முப்பது கார்கள் செல்லும்போது காற்றின் போக்கால் பிடிப்பு மாறிக்கொண்டே இருப்பதை உணர்ந்தவர் யாரும் அதை ‘இடப்பக்கம் திரும்புவது மட்டும்தானே’ என்று சொல்லமாட்டார் என்பது மட்டும் தெரியும்.

இனி உங்கள் சிக்கேனுக்கு வருகிறேன். பிரேக்கைத் தாமதமாக விடுவதுதான் காரணம் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதே சுழல்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எனக்குக் கியரின் மேல்தான் ஐயம் விழுகிறது. ஜிடி3இல் பிரேக் மிதித்தவுடன் கியர்களை மடமடவென்று இறக்கிப் பழகியிருப்பீர்கள். கப் காரில், வேகம் போதிய அளவு குறையும் முன் இரண்டாம் கியருக்கு இறங்கினால், எஞ்சினின் இழுவையே பின் சக்கரங்களைத் தடுத்து நிறுத்தும், அதே கணத்தில் நீங்கள் திருப்பவும் செய்தால் பின்பக்கம் வெளியே போகத்தான் செய்யும். ரீப்ளேயில் அந்தக் கடைசி கியர் மாற்றத்தையும் ஸ்டீயரிங்கின் முதல் அசைவையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், கியரை ஒவ்வொன்றாகச் சற்றுத் தாமதித்து இறக்கி, கடைசி மாற்றத்தைக் கார் இன்னும் நேராகச் செல்லும்போதே முடித்துவிடுங்கள். அதன் பிறகும் சுழன்றால் பிரேக் விசையின் பங்கீட்டை ஓரிரு புள்ளிகள் முன்பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

இதற்கு இணையாக, வாரத்தில் ஒரு மாலையை இறக்கைகள் இல்லாத, எடை குறைந்த ஃபார்முலா ஃபோர்டு காருக்கு ஒதுக்குங்கள். 1967இல் தொடங்கிய அந்தப் பிரிவின் கார்களில் சக்தி குறைவு என்பதால், வளைவில் இழந்த வேகத்தை எஞ்சின் ஈடுகட்டித் தராது. பிரேக்கை மெலிவித்து விடுவதன் பலன் அடுத்த நேர்ச்சாலை முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஜிடி3ஐயும் விட்டுவிட வேண்டாம். அதில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை வாரத்துக்கு ஒரு படி குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று வாரம் கழித்து அந்தச் சிக்கேனின் டெலிமெட்ரியை எனக்கு அனுப்புங்கள், பிரேக் கோட்டையும் கியர் கோட்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்