காலேஜ் போகும் மகனுக்கு இணையத்தில் தப்புத்தண்டாவில் இறங்காமல் இருக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஓடிபி சொல்லாதே, கண்ட லிங்க்கைத் தொடாதே என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள், 'அதெல்லாம் தெரியும்ப்பா' என்று அவனும் சொல்லியிருப்பான். ஏமாறாமல் இருக்க ஊரே சொல்லிக்கொடுக்கிறது. ஏமாற்றுகிறவனுக்குத் துணைபோகாதே என்று சொல்லத்தான் ஆளில்லை.

நான் வங்கியில் இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்று சொல்கிறேன். இரண்டாமாண்டு படிக்கிற பையன், ஸ்காலர்ஷிப் பணத்தை எடுக்க முடியவில்லை என்று அம்மாவோடு வந்தான். பார்த்தால் கணக்கு டெபிட் ஃப்ரீஸ், அதாவது பணம் வெளியே எடுக்க முடியாது. வெளிமாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லி முடக்கியது. 500, 1,000 என்று ஓடிக்கொண்டிருந்த பாஸ்புக்கில் திடீரென்று லட்சங்களில் வரவு, சில நிமிடத்திலேயே பற்று. ஹாஸ்டல் சீனியர் கேட்டானாம். கமிஷனுக்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்திருக்கிறான். "நான் யாரையும் ஏமாத்தலையே சார், அக்கவுண்ட்தானே குடுத்தேன்" என்கிறான். அந்தம்மா விஷயம் புரியாமல் ஆதார் ஜெராக்ஸை நீட்டிக்கொண்டே இருந்தார்.

பணம் போனவர் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் அடித்ததும், அது கைமாறிய கணக்கையெல்லாம் தேடி நிறுத்துவார்கள். சுருட்டியவன் பெயர் எதிலும் இருக்காது. கணக்குக்காரன் பெயரும் போட்டோவும்தான் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில், இணைய வழியில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இவன்மேல் அது நிற்குமா என்பது வக்கீல் பாடு. அலைச்சல் நிச்சயம்.

ஆனால் சட்டத்தைச் சொல்லி மட்டும் பயமுறுத்தாதீர்கள். அந்த லட்சம் யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் பிஎஃப் பணமாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எங்களிடம் வந்த அந்தப் பையனுக்கு அது உறைத்தது, போலீஸ் என்றபோதுகூட முகம் அப்படி மாறவில்லை. அப்புறம், கார்டும் சிம்மும் அவன் கையில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

'கண்டவனுக்கெல்லாம் கணக்குத் திறக்கிற வங்கி யோக்கியமா' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். கேள்வி நியாயம்தான். காலேஜில் மேசை போட்டு ஒரே நாளில் வரிசையாகக் கணக்குத் திறக்கிறோம். கார்டை யாருக்கும் கொடுக்காதே என்று இரண்டு வார்த்தை பேச நேரம் கேட்டால், இன்சூரன்ஸ் டார்கெட் என்ன ஆச்சு என்கிறார்கள். கவுண்டருக்குக் கூடுதலாக ஒரு ஆள் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலே வரவில்லை, பாலிசி எத்தனை போட்டாய் என்று கேட்டு மட்டும் தினமும் வாட்ஸ்அப் வருகிறது.