கல்யாணம் வெச்சிருக்கற பொண்ணுக்கு பருவு மாத்திரை குடுக்கலாமா?

கேள்வி: டாக்டருங்க, எம் பொண்ணுக்கு 22 வயசு. கன்னம், தாடை, முதுகுன்னு பெரிய பெரிய பருவு, சீழ் வெச்சு உடைஞ்சு பள்ளம் பள்ளமாப் போகுதுங்க. தை மாசம் கல்யாணம். எங்க நாத்தனார் பொண்ணு ஐசோட்ரெட்டினாயின்னு ஒரு மாத்திரை சாப்பிட்டு மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு, மிச்சம் ரெண்டு அட்டை இருக்குது தர்றேங்கறா. குடுக்கலாமுங்களா?
– பேர் வேண்டாமுங்க, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த அட்டைய வாங்கிராதீங்க அக்கா. மாத்திரை மோசம்னு சொல்ல வரல, தழும்பு விழற பருவுக்கு இதுக்கு மேல நல்ல மருந்து கிடையாது, ஆனா கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணுக்கு டாக்டரப் பாக்காம குடுக்கவே கூடாத மருந்தும் இதுதான்.

இது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. அமெரிக்காவுல கேரி பெக்னு ஒரு தோல் டாக்டர், தோலு மீன் செதிலாட்ட உரியற வியாதிக்கு இதைக் குடுத்துப் பாத்துட்டு இருந்தவரு, அப்பறம் பருவு முத்திப்போன 14 பேருக்குக் குடுத்து 1979-ல எழுதினாரு, அதுல 13 பேருக்கு முழுசா மறைஞ்சுபோச்சு. எண்ணெய் சுரக்கற சுரப்பியவே இது சுருக்கிருது, அதனாலதான் அத்தனை பலன். 1982-ல ரோச் கம்பெனி அக்யூடேன்ங்கற பேர்ல விக்க ஆரம்பிச்சாங்க. கர்ப்பத்துல சாப்பிடக் கூடாதுன்னு அப்பவே எழுதித்தான் வித்தாங்க, ஆனா அடுத்த வருசமே காது இல்லாம, இதயத்துலயும் மூளையிலயும் கோளாறோட குழந்தைங்க பொறந்த தகவல் வர ஆரம்பிச்சிருச்சு. எழுதி வெச்சா மட்டும் பத்தலைன்னு 2006-ல இருந்து அங்க மாசாமாசம் கர்ப்ப டெஸ்ட் பாத்துட்டுத்தான் பொண்ணுங்களுக்கு மாத்திரையே தர்றாங்க. நம்மூர்ல பாதிப் பேரு மெடிக்கல்ல பேரச் சொல்லி வாங்கிட்டுப் போறத நினைச்சா எனக்கு வயித்தக் கலக்குது.

இந்த மாத்திரைய எடைக்குத் தகுந்தாப்ல கணக்குப் போட்டு நாலஞ்சு மாசமாவது சாப்பிடோணும், ரெண்டு அட்டையில ஒண்ணும் ஆகாது. மொதல் சில வாரம் பருவு இன்னும் கிளம்பறதும் உண்டு. உதடு வெடிச்சு, வாயோரம் கிழிஞ்சு, கொழம்பு பட்டாக் கூட எரியும், சிலருக்கு மூக்குல ரத்தம் வரும். ஈரல், ரத்தக் கொழுப்பு டெஸ்ட் பாக்கோணும், மனசு சோர்ந்து போகுதான்னும் வீட்டுல கவனிக்கோணும். பருவுக்குக் குடுக்கற டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரைய கூடச் சேத்துச் சாப்பிட்டா தலைக்குள்ள அழுத்தம் ஏறலாம்.

நிறுத்தி ஒரு மாசம் கழியற வரைக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. தையில கல்யாணம் முடிஞ்சா மாசியில "ஏதாச்சும் விசேசமா"ன்னு கேக்க ஆரம்பிச்சிருவாங்க, அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன். அந்த ஒரு மாசம் தாண்டிட்டா பிற்காலத்துல குழந்தைக்கு இதனால தொந்தரவு வராது, அதனால உங்க நாத்தனார் பொண்ணப் பத்தி யாரும் தப்பாப் பேசாதீங்க.

பெருந்துறை மெடிக்கல் காலேஜ், கோயமுத்தூர் ஜிஎச், எதுக்காச்சும் பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. உக்காந்த ஒடனே கல்யாணத் தேதியச் சொல்லுங்க, அத வெச்சுத்தான் இப்போதைக்கு களிம்பு போதுமா, இந்த மாத்திரைய எப்ப ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. அதுவரைக்கும் கிள்ளாம இருக்கச் சொல்லுங்க. சிவப்பழகு க்ரீம்னு ஸ்டீராய்டு கலந்தது எதையும் பூச விடாதீங்க, அதுவே பருவ கெளப்பிரும்.

கேள்வி: நான் இதே மாத்திரை சாப்பிடறேன் மேடம், டாக்டர் எழுதிக் குடுத்ததுதான். காலேஜ்ல ரத்த தான கேம்ப் வருது, குடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: இப்ப வேண்டாம் தம்பி. உங்க ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம், அதுல மருந்து இருக்கும். கோர்ஸ் முடிஞ்சு ஒரு மாசம் போகட்டும், அடுத்த கேம்ப்ல தாராளமா குடுங்க.