பாலை நிறுத்தினால் சர்க்கரை இறங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 47. பிறவியிலேயே சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இப்போது கொலஸ்ட்ராலும் கூடியிருக்கிறது. பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு முழு வீகன் ஆகிவிட்டால் ஆறே மாதத்தில் மாத்திரையே வேண்டாம் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மாறலாமா? காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது, அதற்கு என்ன வழி?
– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் திருடன் பந்தியிலேயே உட்கார்ந்திருக்க, நீங்கள் வாசலில் நிற்கிறவனைப் பிடித்துக் கொடுக்கிறீர்கள்.

காலை ஏழரைக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்து முடித்தவர்கள் நேராக எங்கே போகிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். நாலு இட்லி, ஒரு வடை, சட்னி இன்னொரு கிண்ணம், அப்புறம் ‘சூடா ஒரு ஊத்தப்பம் போட்டுடுங்க’. இதில் நெய் ஊற்றாத வரை அத்தனையும் வீகன்தான். மெரினாவில் எண்ணெய் சொட்டச் சொட்டத் தருகிற மிளகாய் பஜ்ஜி வீகன். புளியோதரையும் அப்பளமும் வீகன். எண்ணெயில் பொரித்துப் பாகில் போட்ட ஜாங்கிரி வீகன். ஒரு சொட்டுப் பால் படாமல் சர்க்கரையை 300-க்கு ஏற்ற நம் ஊரில் எல்லா வசதியும் இருக்கிறது.

இங்கேயே இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதாவது சோறு, இட்லி, தோசை, கோதுமை, சர்க்கரை. நீங்கள் நிறுத்தப் போகும் தயிர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. தயிரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும் என்று யோசித்தீர்களா? என் அனுபவத்தில், இன்னொரு கரண்டி ரசம் சாதம்தான் வரும்.

யூடியூப்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நீல் பர்னார்ட் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகள் 99 பேரை வைத்து 22 வாரம் நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. ஒரு அணிக்கு வீகன் உணவு, இன்னொரு அணிக்கு வழக்கமான நீரிழிவுப் பத்தியம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி இரண்டு அணிக்குமே இறங்கியது. வீகன் அணிக்கு 0.96 சதவீதப் புள்ளி, மற்றவர்களுக்கு 0.56. வீகன் அணியில் 43 சதவீதம் பேர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டார்கள். நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் வடையும் தேங்காய்ப்பால் குருமாவும் சாப்பிடவில்லை. மொத்தக் கலோரியில் கொழுப்பு பத்து சதவீதம்தான். காய், பருப்பு, பழம், முழு தானியம். கூடவே பி12 மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரையைப் பற்றி உங்கள் யூடியூப்காரர் வாய் திறந்தாரா?

நான் பயப்படுவது அங்கேதான். வைட்டமின் பி12 செடி கொடியில் கிடையாது, பாக்டீரியா செய்வது. கறி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. நீங்கள் முதல் மூன்றையும் தொடாதவர். ஆக, மிச்சம் இருக்கிற ஒரே வழி பாலும் தயிரும். அதிலும் 100 மில்லி பாலில் சுமாராக அரை மைக்ரோகிராம்தான் இருக்கும். ஒரு நாள் தேவை இரண்டு சொச்சம். இதற்கு மேல் மெட்ஃபார்மின் வேறு. பல வருடம் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வதை அது குறைக்கும். ஏற்கெனவே கையிருப்பு குறைவாக இருக்கக்கூடிய ஒருவர், உறிஞ்சுவதைக் குறைக்கிற மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கடைசி வரவையும் நிறுத்தப் போகிறார்!

இதன் பலன் உடனே தெரியாது என்பதுதான் வம்பு. ஈரலில் இருக்கிற கையிருப்பு தீர வருடக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதத்தில் எடை குறைந்து ‘ஆகா’ என்றிருப்பீர்கள். பிறகு ஒரு நாள் பாதத்தில் மரத்துப்போகும், செருப்பு கழன்றது தெரியாது. சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்தால் எல்லோரும் சர்க்கரை மேல்தான் பழி போடுவார்கள், பி12-ஐ யாரும் நினைக்க மாட்டார்கள். கவனிக்காமல் விட்ட நரம்புச் சேதம் பின்னால் முழுதாகச் சரியாகும் என்று உத்தரவாதம் இல்லை. புளித்த மாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்பார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி. மற்ற இரண்டையும் நம்பிக் காலை அடகு வைக்காதீர்கள். மாத்திரை மலிவுதான். முழு வீகனாக இருக்க ஆசை என்றால் கேப்ஸ்யூலை மட்டும் பார்த்து வாங்குங்கள். அந்த மூடி பல சமயம் ஜெலட்டின், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது.

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்கிறீர்கள். எது? ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். கூடியிருந்தால் நெய்யையும் ஆடை மிதக்கும் ஆரஞ்சுப் பாக்கெட் பாலையும் விடுவது பலன் தரும். 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் 22 ஜோடி இரட்டையரை எட்டு வாரம் வைத்துப் பார்த்தபோது வீகன் சாப்பிட்டவருக்குத்தான் எல்.டி.எல். அதிகம் குறைந்தது. ஆனால் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று போனால் கதை கந்தல். அதில் கொலஸ்ட்ரால் இல்லை, சரி. நிறைவுற்ற கொழுப்பு நெய்யைவிட அதிகம். பாமாயிலிலும் ஏறக்குறைய பாதி அதுதான். அடையாறு, தி.நகர் கடைகளில் பச்சை நிற ‘வி’ முத்திரையோடு அடுக்கியிருக்கும் வீகன் பிஸ்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பல பாக்கெட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் ஆரம்பிக்கும். இல்லை, கூடியிருப்பது ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு என்றால் (நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அதுதான்), அதைத் தூக்கிவிடுவது சோறும் இனிப்பும். பாலை விட்டு அதற்கு ஆவது ஒன்றுமில்லை.

மாட்டின் மேல் இரக்கப்பட்டுப் பாலை விடுகிறவரோடு எனக்குச் சண்டை கிடையாது. அது வேறு நியாயம். நீங்கள் உடம்புக்காகக் கேட்டீர்கள், அதனால் இவ்வளவும் சொல்கிறேன்.

காபிக்கு வருகிறேன். சோயா பாலைச் சூடான டிகாஷனில் ஊற்றினால் சமயத்தில் திரிந்து நிற்கும். ஓட்ஸ் பால் திரியாது, விலைதான் ஆவினைப் போலப் பல மடங்கு, மாவுச்சத்தும் உண்டு. என்னைக் கேட்டால், அரை டம்ளர் பால் இருந்துவிட்டுப் போகட்டும், காபியில் போடுகிற இரண்டு ஸ்பூன் சர்க்கரையை முதலில் நிறுத்துங்கள்.

அப்படியும் வீகன்தான் என்று முடிவெடுத்தால், தயிர் போன இடத்தில் பருப்பு வரட்டும். சாம்பாரில் கரண்டிக்குத் தட்டுப்படாத பருப்பைச் சொல்லவில்லை. நவராத்திரிக்கு மட்டும் வைத்திருக்கிற சுண்டலை தினமும் செய்யச் சொல்கிறேன். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் பத்து கிராம் புரதம். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் வேண்டும். கால்சியத்துக்கு முருங்கைக்கீரையும் எள்ளும். கேழ்வரகிலும் பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை அரிசிக்குச் சளைக்காமல் ஏறும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மினோடு, இன்சுலினைச் சுரக்கவைக்கிற கிளிமிபிரைடு போல ஏதாவது மாத்திரை சேர்ந்திருந்தால், சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பாலை நிறுத்துவதற்கு முதல் நாள் பி12, ஹெச்பிஏ1சி இரண்டும் பாருங்கள். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். பி12 மட்டும் 200-க்குக் கீழே வந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்காமல் மறுநாளே டாக்டரிடம் போய் நில்லுங்கள்.