மீடியமா, லார்ஜா? எம்டிபி பிரேம் அளவைத் தேர்வது எப்படி

கேள்வி: என் உயரம் 174 செ.மீ. வார இறுதிகளில் ஊரைச் சுற்றியுள்ள மண் தடங்களிலும் சின்னக் கரடுகளிலும் ஓட்ட 29 இன்ச் எம்டிபி (மவுண்டன் பைக்) வாங்கப்போகிறேன். கம்பெனி அட்டவணைப்படி என் உயரம் மீடியத்துக்கும் பொருந்துகிறது, லார்ஜுக்கும் பொருந்துகிறது. கால் உள்ளளவு (தொடையிடுக்கிலிருந்து தரை வரை) 83 செ.மீ. இருப்பதால் லார்ஜ்தான் சரி என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது?

பதில்: இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து அனுப்பச் சொல்லியிருந்தேன். 170 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மீடியம் எடுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 26, 27.5, 29 என்று கடையில் சொல்வதெல்லாம் சக்கரத்தின் அளவு. அதற்கும் வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்துவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 29 இன்ச் சக்கரத்திலேயே ஸ்மால் பிரேமும் உண்டு, எக்ஸ்ட்ரா லார்ஜும் உண்டு.

கடைக்காரர் சொல்வதற்கு ஒரு பழைய கணக்கு ஆதாரம். கால் உள்ளளவை 0.225 ஆல் பெருக்கினால் பிரேமின் அளவு இன்ச்சில் கிடைக்கும். உங்களுக்கு 18.7 வருகிறது, லார்ஜ் பக்கம் சாய்கிறது. இந்தக் கணக்கு அளப்பது சீட் குழாயின், அதாவது சீட்டைத் தாங்கும் போஸ்ட் நுழையும் பிரேம் குழாயின், உயரத்தை. அந்தக் குழாய் நீளமாக இருந்த காலத்தில், அதை வைத்தே வண்டியின் மொத்த அளவையும் ஓரளவு ஊகிக்க முடிந்தது. இப்போது மேல் பார் நன்றாகச் சரிந்துவிட்டது. இறக்கத்தில் சீட்டைப் பட்டனால் இறக்கும் டிராப்பர் போஸ்ட் வந்த பிறகு சீட் குழாயை இன்னும் குட்டையாக்கிவிட்டார்கள். சீட்டு உயரத்தைப் போஸ்ட்டை ஏற்றி, இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். பிரேமின் நீளத்தை அப்படி மாற்ற முடியாது. அதனால் காலைவிட முதுகும் கையும்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். உங்கள் கால்கள் உயரத்துக்குச் சற்று நீளம். அதனால் மேலுடம்பு குட்டை. கை விரிப்பும் உயரத்தைவிட 4 செ.மீ. குறைவு. லார்ஜில் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போகும், கழுத்து வலிக்கும்.

அட்டவணையில் நீங்கள் தேட வேண்டிய எண்ணுக்கு ரீச் என்று பெயர். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, சுழலும் அச்சிலிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில் நுழையும் குழாயின் மேல் வாய்க்கும் உள்ள கிடைமட்டத் தூரம் அது. பெடல் மேல் எழுந்து நிற்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு சைஸுக்கு நடுவே பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொன்றின் லார்ஜும் ஒரே ரீச்சில் வருவது சகஜம். அதனால் மீடியம், லார்ஜ் என்ற பெயரை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் சில மாடல்களில் ஸ்மால், மீடியம் என்பதையே விட்டுவிட்டு, ரீச்சின் அடிப்படையில் எஸ்2, எஸ்3 என்று எண் போடுகிறது. எல்லோரும் இப்படிச் செய்தால் வாங்குபவர்களுக்குப் பெரிய நிம்மதி.

கடைக்குப் போகும்போது செருப்பு வேண்டாம், ஓட்டும்போது போடும் ஷூவோடு போங்கள். மேல் பாரின் இருபக்கமும் காலை ஊன்றி நின்றால், தொடையிடுக்குக்கும் பாருக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். இது வண்டி மிகப் பெரிதல்ல என்பதை மட்டுமே சொல்லும். பிறகு ஓட்டிப் பாருங்கள். கிராங்க் தரைக்கு இணையாக இருக்க, எழுந்து நில்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். மெதுவான வேகத்தில் ஹேண்டிலை நன்றாக ஒடித்துத் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை எட்டாமல் தோள் இழுபட்டால் வண்டி பெரிது. எழுந்து மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டிலை இடித்தால் சிறிது. ஹேண்டில்பாரைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றிச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். அதன் நீளத்தில் 10 மி.மீ. கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். நீளமான ஸ்டெம் போட்டால் இறக்கத்தில் எடை முன்சக்கரத்தின் மேல் போய் விழும்.

செங்குத்தான பாறை இறக்கங்களில் வேகமாக இறங்குவதுதான் உங்கள் ஆசை என்றால் நீளமான பிரேம் நிலையாக ஓடும். அப்போது லார்ஜை ஓட்டிப் பார்த்து யோசிக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் தடங்களுக்கு அது தேவைப்படாது.

நீளமான காலோடு மீடியம் எடுப்பதில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: சீட் போஸ்ட். கால் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம் கிடைக்கும். உங்களுக்கு ஏறக்குறைய 73 செ.மீ. இது ரோடு சைக்கிளுக்காக வந்த கணக்கு. சாதாரணப் பெடலுக்கு ஒரு செ.மீ. குறைத்து 72-இல் தொடங்குங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் சரி. மீடியத்தின் சீட் குழாய் 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீட்டின் தடிமனுக்கு 5 செ.மீ. போனால் போஸ்ட் வெளியே 24 செ.மீ. நீண்டிருக்கும். குறைந்தபட்சம் 10 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். விலை குறைந்த வண்டிகள் சிலவற்றில் 30 செ.மீ. போஸ்ட்தான் போட்டுத் தருகிறார்கள்; அது உங்களுக்குப் போதாது. போஸ்ட்டில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியும்படி ஏற்றி ஓட்டினால் பிரேமே விரிசல் விடலாம். 35 அல்லது 40 செ.மீ. போஸ்ட் கேளுங்கள். போஸ்ட்டின் விட்டம் 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு வந்த போஸ்ட்டைக் கழற்றினால் அந்த எண் அதிலேயே பொறித்திருக்கும். பில் போடும் முன்பே பார்த்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.