அழுகிய டாலியாத் துண்டுக்குக் கடுமையான தூள் மருந்தல்ல

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: சித்திரை விடுமுறையில் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த டாலியாச் செடியில் 12 துண்டுகள் வெட்டி, வேர்விடும் ஹோமோன் தூளில் தோய்த்துப் பல்கனியில் நட்டேன். பத்தே நாளில் எல்லாம் அடி கறுத்து அழுகிவிட்டன. "இது போதாது, இதைவிடக் கடுமையான தூள் இருக்கிறது" என்கிறார் செடி விற்பவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள், சகோதரி. டாலியா தூளே இல்லாமலும் வேர்விடும் செடி. ஹோமோன் அதைச் சற்று விரைவுபடுத்தும், அவ்வளவுதான். அந்த மருந்தின் பெயர் இந்தோல் பியூட்டிரிக் அமிலம். மென்மையான தண்டுக்கு 0.1 சதவீதத் தூள் தாராளம். விற்பவர் சொல்லும் கடுமையான தூள் பெரும்பாலும் 0.8 சதவீதமாக இருக்கும். அது போகன்விலா போன்ற மரத்தண்டுகளுக்கு உரியது. டாலியாவில் தடவினால் அடித்தண்டு கருகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 0.1 சதவீதம் என்றால் ஒரு கிலோ தூளில் மருந்து ஒரே ஒரு கிராம். மீதி முழுவதும் வெள்ளை டல்க். கண்ணால் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது. பெயரில்லாப் பொட்டலக்காரர்கள் பிழைப்பது இதனால்தான். பீடைகொல்லிகளுக்கு 1980 இலேயே 33ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. செடிக்கடையில் பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு விற்கும் தூளை மட்டும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? இத்தனை ஆண்டுகள் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. மருந்தின் பெயர், சதவீதம், காலாவதித் திகதி மூன்றும் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள். வெயிலில் தொங்கும் பொட்டலத்தில் நல்ல மருந்தே இருந்தாலும் வீரியம் குறைந்திருக்கும்.

இனி உங்கள் துண்டுகள். பூத்த செடியின் முதிர்ந்த தண்டை வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உள்ளே குழல்போல இருக்கும்; நீர் தேங்கி அழுகும். கிழங்கின் தலையிலிருந்து புதிதாக எழும் தளிர்களில் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டுவாயில் துளை தெரிந்தால் எறிந்துவிடுங்கள். கணுவும் அதிலுள்ள தளிர்மொட்டும் இல்லாத துண்டு வேர்விட்டாலும் தளிர்க்காது. கீழிலைகளைக் கிள்ளி, நுனியை மட்டும் தூளில் தொட்டு, மிகுதியைத் தட்டி உதறுங்கள். நன்றாகக் கழுவிய தும்புத்தூளும் ஆற்றுமணலும் சமபங்காகக் கலந்து நடுங்கள். சாணமோ கூட்டெருவோ இப்போது வேண்டாம். மேலே பாதியாக வெட்டிய போத்தலைக் கவிழ்த்து, காலையும் மாலையும் திறந்து காற்று விடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் மூடியே வைத்தால் மீண்டும் அதே கதைதான். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தளிர் வளராமல் போகும் ஒரு காலம் உண்டு. டாலியா பகலின் நீளத்தை அறியும் செடி. பகல் 12 மணி நேரத்துக்கும் குறைந்தால் தளிரை விட்டுக் கிழங்கு சேர்க்கத் தொடங்கும். கொழும்பில் டிசம்பரில் பகல் ஏறத்தாழ 11 மணி 45 நிமிடம்தான். ஜூனில்கூட பன்னிரண்டரை மணியைச் சற்றே தொடும். ஆகவே மார்கழி, தையில் வெட்டிய துண்டு வேரோடு நிற்கும், வளராது. செடி செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் ஓர் எல்.ஈ.டி. விளக்கை மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை எரிய விடுங்கள். பகல் நீண்டதாகச் செடி எண்ணிக்கொள்ளும்; தளிர் எழும்.

வெட்டுமுன் தாய்ச்செடியின் இலைகளைப் பாருங்கள். நரம்போரம் மஞ்சள் திட்டுத் தெரிந்தால் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியில் ஒரு துண்டுகூட எடுக்க வேண்டாம்.