மெரினோவை வேட்டி மாதிரித் துவைக்காதீர்கள்

கேள்வி: மெல்போர்னில் வேலை பார்க்கும் மகன் மெரினோ என்ற ஆட்டு வகையின் கம்பளியில் செய்த ஸ்வெட்டர் ஒன்று அனுப்பியிருந்தான். ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போய் வந்தேன். வந்ததும் மற்ற துணிகளோடு சோப்புத்தூளில் ஊறவைத்து மெஷினில் போட்டேன். இப்போது அது பேரனுக்குத்தான் சேரும். இது மட்டமான கம்பளியா? பழைய அளவுக்குக் கொண்டுவர வழி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: கம்பளிமேல் குற்றமில்லை அம்மா. பருத்திக்குப் பழகிய கை செய்த வேலை இது. ஊறவை, கசக்கு, பிழி, உதறி வெயிலில் போடு என்று வேட்டிக்கும் புடவைக்கும் நாம் செய்யும் ஒவ்வொன்றும் மெரினோவுக்கு ஆகாது.

மெரினோ இழை மிக மெல்லியது, ஏறக்குறைய 15 முதல் 24 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). உடம்பில் குத்தாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கும். வெந்நீர், சோப்பு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். கம்பளியை இறுக்கி ஃபெல்ட் என்னும் கெட்டித் துணியாக்கித் தொப்பி செய்வதே இப்படித்தான். நீங்கள் தெரியாமல் வீட்டிலேயே செய்துவிட்டீர்கள்.

சோப்புத்தூளும் கூட்டாளி. ரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைக் கரைப்பதற்காகப் பல தூள்களில் என்சைம் சேர்க்கிறார்கள். கம்பளியும் புரதம்தான். கறை எது, துணி எது என்று அதற்குத் தெரியாது. பிளீச்சை மட்டும் பக்கத்திலேயே விடாதீர்கள், அது கம்பளியைக் கரைத்தே விடும்.

‘மகன் அங்கே மெஷினில்தானே போடுகிறான்?’ என்று கேட்பீர்கள். அந்தச் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்து விற்கும் மெரினோ உண்டு. அதை மெஷினில், கம்பளிக்கென்று இருக்கும் மென்மையான ஓட்டத்தில் போடலாம். உங்களுடையது அந்த வகையா என்பதைக் கழுத்தின் உட்புறம் தைத்திருக்கும் குறிப்புப் பட்டையில் பாருங்கள். தொட்டிப் படத்துக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டும். தொட்டியின்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் தண்ணீரே கூடாது.

இப்போதைக்கு ஒரு முயற்சி செய்யலாம். வாளியில் லேசான வெதுவெதுப்பான தண்ணீர், அதில் தலைக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு ஸ்பூன். அரை மணி ஊறட்டும். பிழியாமல் துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சமமான இடத்தில் விரித்து எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்துவிடுங்கள். கொஞ்சம் சுருங்கியிருந்தால் ஓரளவு மீளும். துணி தடித்து, பின்னல் கண்ணே தெரியாமல் போயிருந்தால் மீளாது, பேரனுக்கே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வாங்கினால், முதலில் அடிக்கடி துவைக்காதீர்கள். ஒரு தடவை உடுத்தினாலே அழுக்கு என்று நினைக்கும் நமக்கு இது மனசு ஒப்பாத யோசனைதான். ஆனால் மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் நனைந்ததாகத் தெரியாது, வாடையும் சீக்கிரம் ஏறாது. ராத்திரி காற்றாட விரித்துப் போட்டால் பெரும்பாலும் போதும். துவைத்தே ஆகவேண்டும் என்றால் கம்பளிக்கான திரவச் சோப்பு, 30 டிகிரியைத் தாண்டாத தண்ணீர், உட்புறத்தை வெளியே திருப்பி அமுக்கி எடுப்பது, அவ்வளவுதான். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கை முழங்கால் வரை நீண்டுவிடும். வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் நிழலில் அதன்மேல் விரியுங்கள். அடியிலிருந்தும் காற்று வரும், இதைவிட நல்ல இடம் கிடையாது.

கேள்வி: பீரோவில் பட்டுப் புடவைகளோடு மடித்து வைத்திருந்த மெரினோ சால்வையில் சின்னச் சின்ன ஓட்டைகள். கரப்பானா? பாச்சை உருண்டை போட்டால் போதுமா? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: பெரும்பாலும் அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்னாது, அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். நம் வீட்டுச் சுவர்களில் வெள்ளரி விதை போல ஒரு சாம்பல் நிறக் கூடு ஒட்டிக்கொண்டு நகருமே, அதற்குள் இருக்கும் புழுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒட்டடையும் தின்னும், கம்பளியும் தின்னும். பட்டும் இவற்றுக்கு உணவு என்பதால் புடவைகளை இன்றே எடுத்து உதறிப் பாருங்கள்.

வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட துணியைத்தான் இவை முதலில் தேடும். அதனால் அடிக்கடி துவைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு: சீசன் முடிந்து உள்ளே வைக்கும்முன் கட்டாயம் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைக்க வேண்டும். பிறகு இறுக மூடும் பையில் வையுங்கள். சால்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் முழுக்க விட்ட பிறகு திறந்தால்தான் துணியில் ஈரம் கோக்காது. பீரோவின் மூலை முடுக்கையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

பாச்சை உருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. நாஃப்தலின் வாடை மூச்சுக்கு நல்லதல்ல. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வேப்பிலையும் வசம்பும் வைப்பதில் கெடுதல் இல்லை, அவற்றை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: 800 ரூபாய்க்கு ‘மெரினோ ஸ்வெட்டர்’ விற்கிறார்களே, வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: முகப்பில் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு உள்பட்டையில் சதவீதத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் அக்ரிலிக் என்ற செயற்கை இழை இருந்தால் அது அக்ரிலிக் ஸ்வெட்டர்தான். 1964 முதல் இருக்கும் உல்மார்க் என்ற கம்பளித் தர முத்திரை (நூற்கண்டுப் படம்), வேறு சொல் சேராமல் தனியாக இருந்தால், முழுக் கம்பளி என்று பொருள். சந்தேகமிருந்தால் உள்தையலில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடையோடு அணைந்து பொடியாகும். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. பட்டையில் 100 சதவீதம் என்று போட்டுவிட்டு இப்படி உருகினால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள்.