புதிய கழிவுநீர்க் குழாய்க்கு யார் பணம் தருவது?

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் 100 அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்று வரவிருக்கிறது. தெருவிலுள்ள 200 மி.மீ. பாதாளச் சாக்கடைக் குழாய் ஏற்கெனவே நிரம்பி ஓடுவதால், அதை 300 மி.மீ. குழாயாக மாற்றும் செலவு முழுவதையும் விடுதி உரிமையாளரே ஏற்க வேண்டும் என்கிறது நகராட்சி. இது முறையா?
- வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முறையன்று. விடுதிக்குத் தேவைப்படும் கொள்ளளவுக்குரிய பங்கை மட்டுமே அவரிடம் கேட்கலாம்.

அறைக்கு இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர் என்று வழக்கமான அளவுகோலில் கணக்கிட்டால் 28,800 லிட்டர் வரும். காலை நேர நெருக்கடிக்காக அதை மும்மடங்காக்கினாலும் நொடிக்கு 1 லிட்டர்தான். 250 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில், 200 மி.மீ. குழாய் நிரம்பி ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 20 லிட்டரையும், 300 மி.மீ. குழாய் ஏறத்தாழ 60 லிட்டரையும் கடத்தும். கூடுதலாகக் கிடைக்கும் 40 லிட்டரில் விடுதியின் பங்கு ஒன்றே. மற்றவை இனி வரப்போகும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் உரியவை. உரிமையாளரும் ஆண்டுச் சராசரியைக் காட்டித் தம் பங்கைக் குறைக்க முயலக்கூடாது. ஆடி, தை அமாவாசைகளில் இப்பகுதி விடுதிகள் அனைத்தும் ஒருசேர நிறைகின்றன, குழாய் தாங்க வேண்டியது அந்த நாட்களைத்தான்.

அப்படியானால் சிறிய குழாய் போதாதா என்று கேட்கலாம். கடலோர மணலில் சில அடி தோண்டியதுமே நீர் ஊறிப் பக்கங்கள் சரியத் தொடங்கும். பலகை அடைத்து, மோட்டார் வைத்து இரவு பகலாக நீரை இறைத்துத்தான் குழாயை இறக்க முடியும் என்பதால், செலவின் பெரும்பகுதி பள்ளத்துக்கே போகிறது. அதே தெருவை மீண்டும் தோண்டுவதைவிட இப்போதே பெரிய குழாய் போடுவதே நல்லது. நகராட்சியிடம் உடனடியாகப் பணம் இல்லையெனில், உரிமையாளர் முன்பணமாகச் செலவிட்டு, பின்னர் இணைப்புப் பெறுவோரிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து திரும்பப் பெறலாம். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இத்தகைய ஒப்பந்தங்கள் உண்டு. கட்டட அனுமதிக்கு ஈடாக உள்ளாட்சி அமைப்பு கேட்பது, அக்கட்டடத்தால் விளையும் பாதிப்புக்கு ஏறத்தாழ நிகராக இருக்க வேண்டும் என்று, நிலம் கேட்கப்பட்ட டோலன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. நம் ஊரில் திட்ட அனுமதியின்போது உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் செலுத்தியிருந்தால், அதையும் பங்கில் கழிக்க வேண்டும் என்பது என் கருத்து. திரும்பத் தரும் முறையும் காலவரம்பும் பள்ளம் தோண்டும் முன்பே எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழி உறுதியை நம்பி யாரும் பணம் போட வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். மழையில்லா நாளில், பின்னிரவு 2 மணிக்கு மேன்ஹோல் மூடியைத் திறந்தால் நீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதும் தெளிந்த நீர் வேகமாக ஓடினால், குழாய் மூட்டுகள் வழியே நிலத்தடி நீர் புகுகிறது. அந்தப் பழுதைச் சரிசெய்வது நகராட்சியின் கடமை. அதை விடுதியின் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக்கூடாது.

கேள்வி: விடுதி சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் பங்கு தரவேண்டாமா?

பதில்: சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினால் பங்கு குறையும். ஆனால், மின்சாரமோ இயந்திரமோ நின்றுபோகும் நாளில் முழுக் கழிவுநீரும் தெருக் குழாய்க்கே வரும் என்றால், குழாயில் அதற்கான இடத்தை ஒதுக்கிவைப்பதற்குரிய தொகையை அவர் தரத்தான் வேண்டும்.